கொச்சி பினாலே: உள்ளே இறங்கிப் பார்க்கும் கலைக்கு மலையகத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

செருப்பைக் கையில் பிடித்தபடி அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். முன்னால் நீளமான பழைய கிட்டங்கி, அரை வெளிச்சம். தரை தெரியவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கடல் நீர். “ஸ்டோருக்குள்ள கடல விட்டுருக்காங்க” என்றார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொழுந்து மலையில் ஓடை தாண்டுகிற அதே நிதானத்தோடு இறங்கினார்.

அது 2017 ஜனவரி முதல் வாரம். இடம், ஃபோர்ட் கொச்சியில் கடலோரம் இருக்கும் ஆஸ்பின்வால் ஹவுஸ். நடந்துகொண்டிருந்தது கொச்சி–முசிறி பினாலே என்ற பெரிய சமகாலக் கலைக் கண்காட்சியின் மூன்றாவது பதிப்பு. அம்மா இறங்கியது சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டாவின் ‘துயரக் கடல்’ என்ற படைப்புக்குள்.

அன்றிலிருந்து இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரில் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, “நமக்கு அதெல்லாம் புரியுமா டீச்சர்?” என்பார்கள். இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான். விசாவும் பஸ்ஸும் அரை நாளில் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. புரியுமா என்ற அந்தத் தயக்கம்தான் ஆட்களை ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டவிடாமல் வைத்திருக்கிறது.

எது இந்தக் கலை

சுவரில் மாட்டிய ஓவியத்தை வெளியே நின்று பார்க்கிறோம். நிறுவல் கலையில் ஒரு இடத்தையே படைப்பாக ஆக்கிவிடுகிறார்கள். இலங்கையில் இதைத் தாபனக் கலை என்றும் எழுதுவார்கள். அதிலும் ஒரு வகை, பார்க்க வருகிறவரை முழுசாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. வெளிச்சம், இருட்டு, சத்தம், வாசனை, ஈரம், காலடியில் தரை என்று எல்லாமே அங்கே கலைஞரின் கைப்பொருள். 2014 பதிப்பில் அனிஷ் கபூர் இதே ஆஸ்பின்வாலில் ஒரு அறையின் தரையைத் திறந்து, கறுத்த நீர் ஓயாமல் சுழன்று கீழே இறங்கும் சுழி ஒன்றை அமைத்திருந்தார். அதன் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண்ணைவிடப் பாதம்தான் முதலில் விழித்துக்கொண்டிருக்கும்.

எங்கே, எப்போது

இந்த பினாலே 2012 டிசம்பர் 12ஆம் திகதி தொடங்கியது. இரண்டு மலையாளக் கலைஞர்கள், போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும், நிறுவினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. தொற்றுக் காலத்தில் அது பிசகியது. ஆறாவது பதிப்பின் காலம் 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை. டிசம்பரில் தொடங்கி மார்ச் கடைசி வரை என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். நமக்கு டிசம்பர் பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

தொடக்க நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள். 2022இல் டிசம்பர் 12 என்று அறிவித்திருந்த ஐந்தாவது பதிப்பு, கடைசி நேரத்தில் தள்ளிப்போய் 23ஆம் திகதிதான் திறந்தது. பெரிய நிறுவல்கள் முடிந்து நிலைக்க நாள் எடுக்கும். என் கணக்கில் ஜனவரி முதல் இரண்டு வாரம் மிக நல்லது. வெயில் ஏறியிருக்காது, படைப்புகளும் தேய்ந்திருக்காது.

இடங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஃபோர்ட் கொச்சியிலும் பக்கத்து மட்டாஞ்சேரியிலும் பழைய சரக்குக் கிட்டங்கிகளும் வெள்ளைக்காரர் காலத்து வீடுகளும்தான் கண்காட்சிக் கூடங்கள். பெப்பர் ஹவுஸ் என்பது பேருக்கேற்ற மிளகுக் கிட்டங்கியேதான். ஆஸ்பின்வால் 1867இல் ஒரு ஆங்கில வியாபாரி தொடங்கிய கம்பனியின் இடம். தேங்காயெண்ணெய், மிளகு, இஞ்சி, மஞ்சள் என்று ஆரம்பித்து, பின்னால் கோப்பியும் தேயிலையும் றப்பரும் அங்கிருந்து கப்பலேறின. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் நம்ம லூல்கந்துரையில் 19 ஏக்கரில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்டதும் அதே 1867தான். அந்த வருடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. நம் கதையின் ஒரு முனை மலையில் என்றால், இன்னொரு முனை அந்த மாதிரிக் கிட்டங்கியில் இருக்கிறது.

பத்திரங்கள்

கடவுச்சீட்டுக்கு பத்தரமுல்லைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். தோட்டத்தில் பதிந்த பெயர் ஒன்று, பள்ளியில் போட்ட பெயர் இன்னொன்று என்று இருப்பது நம்மில் எத்தனையோ பேருக்கு. அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். என் அம்மாவின் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழைக்காக ஒரு அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தோம். பினாலேக்கு ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்குங்கள்.

இந்தியாவுக்கு விசா வேண்டும். சுற்றுலாவுக்கு இ-விசா இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்திய அரசின் தளத்தில் மட்டும் போடுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் முகவர் தளங்கள் பல இருக்கின்றன, கூடுதல் பணம் பிடுங்கும். கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கவேண்டும்.

விண்ணப்பத்தில் நம் ஆட்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தாய் தகப்பன் பிறந்த இடம் எது, பிரஜாவுரிமை பிறப்பால் கிடைத்ததா, பின்னால் பெற்றதா என்று கேட்கும். 1948 சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டு, பின்னால் வந்த சட்டங்களில் உரிமை பெற்றவர்களுக்கு இந்தக் கேள்வி நெஞ்சில் தைக்கும். பயப்படவோ மறைக்கவோ வேண்டாம். பிரஜாவுரிமைப் பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் பயணத்தில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனிலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை

கட்டுநாயக்கவிலிருந்து கொச்சிக்கு நேர் விமானம் உண்டு, பறப்பது ஒரு மணித்தியாலம் சொச்சம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க போவதுதான் அதைவிட நீண்ட பயணம். விமானம் காலையில் என்றால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் மலைப் பாதைகள் பட்ட பாட்டைப் பார்த்தோம். மழைக்காலத்தில் கோச்சியையோ (நம் ஊரில் ரயிலுக்கு அதுதான் பெயர்) கினிகத்தேனை ரோட்டையோ நம்பி நேரத்தை இறுக்கிப் போடக்கூடாது.

முதல் நாளே கொழும்புக்கு வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. கொழும்பு 3இல் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. விளக்கக் குறிப்புகள் தமிழிலும் எழுதியிருப்பார்கள். இரண்டு மணித்தியாலம் அங்கே சுற்றினால் கண் பழகிவிடும்.

கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் ஃபோர்ட் கொச்சியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். டாக்சி பிடிக்காமல் போக, விமான நிலையத்திலிருந்து ஆலுவாவுக்கு பஸ், ஆலுவாவிலிருந்து எர்ணாகுளத்துக்கு மெட்ரோ ரயில், அங்கிருந்து படகு. 2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஏசி படகு போகிறது. அரசாங்கத்தின் பழைய படகுகளும் ஓடுகின்றன. தரைவழியாகவும் போகலாம், ஆனால் முதல் தடவை படகில்தான் போகவேண்டும் என்பேன். அந்தக் கிட்டங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கின்றன. அவற்றின் முகம் படகில் வருகிறவருக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் சொந்தபந்தம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அங்கிருந்து எர்ணாகுளம் போகும் ரயிலுக்கு டீ கார்டன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆனால் இ-விசா குறித்த சில விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே செல்லும். நாகப்பட்டினம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பல் டிக்கெட்டைத் தொடுங்கள்.

மொழிக்குக் கவலையே இல்லை. நாம் தமிழ் பேசினால் கொச்சியில் விளங்கிக்கொள்வார்கள். நாங்கள் இலங்கை என்று கேட்டதும், தேநீர்க்கடைக்காரர் ஒருவர் கவி என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். கேரளத்து மலையில், ஏலத்தோட்டத்தில், தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன நம் ஆட்கள் குடியிருக்கும் ஊர் அது. அந்த நாட்டிலும் நமக்கு உறவு இருக்கிறது.

போவதற்கு முன், இங்கேயே பழகுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். விசாவை விட முக்கியம் என்று நான் நினைக்கும் படி இது.

கலைக்கூடத்தில் முதன்முதலாக நுழைகிறவருக்கு வரும் பெரிய தொல்லை, “இதுக்கு என்ன அர்த்தம்” என்று தலை உடனே வேலை செய்யத் தொடங்குவது. உடம்புக்கு அங்கே பேச இடமே கிடைக்காமல் போகும். உடம்பைப் பேச விடுவதற்கு நம் ஊரிலேயே பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

முதலாவது, தேயிலை ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. தெரிந்தவர் மூலம் கேட்டு, கொழுந்து வாட்டும் மாடிக்கு ஒரு பின்னேரம் ஏறுங்கள். நீளத்துக்கு நீளம் தட்டுகள், அடியில் காற்றாடியின் இரைச்சல், பச்சை வாசனை. மணிக்கணக்காகக் கொழுந்து அங்கே வாடுகிறது. அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள். எந்த இடத்தில் காற்று சூடாகிறது? வாசனை பச்சையிலிருந்து பழவாசனைக்கு எந்தப் படியில் மாறுகிறது? கீழே ரோலர் ஓடும்போது நடுக்கம் எதில் தெரிகிறது, காலிலா பல்லிலா? அங்கேயே வளர்ந்தவர்களுக்கு இது தினப்பாடு. ஆனால் வேலைக்கு அல்லாமல் அதற்குள் நின்று பார்த்தவர்கள் குறைவு. ஸ்டோருக்குள் விடமாட்டார்கள் என்றால் கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோரைத் தேயிலை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே போங்கள்.

இரண்டாவது, புசல்லாவைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயன் அறைகளையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், நில்லுங்கள். வெளியில் பார்க்கும்போது பொருட்காட்சி. உள்ளே நிற்கும்போது, ஒரு குடும்பம் எப்படிப் புரண்டு படுத்திருக்கும் என்று தோள்பட்டை கணக்குப் போடத் தொடங்கும். ஒரு இடம் ஆளை உள்ளே எடுத்துக்கொள்வது என்றால் இதுதான்.

சார்ஜாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 2018 முதல் ‘மழை அறை’ நிரந்தரமாக இருக்கிறது. உள்ளே மழை கொட்டும், நீங்கள் நடக்கிற இடத்தில் மட்டும் நிற்கும். படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் கொழுந்தெடுத்த தாயின் பிள்ளை அந்த அறைக்குள் நின்றால் என்ன தோன்றும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். லீவு நாளில் போய்ப் பாருங்கள்.

உள்ளே

காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் வரைபடம் கிடைக்கும். பெரிய நிறுவல்கள் ஒரு நாளைக்கு மூன்று போதும். நாங்கள் முதல் நாள் பதினொன்று பார்த்தோம். இரவு யோசித்தால் நான்குதான் நினைவில் நின்றது. மூன்று நாள் ஒதுக்குங்கள், அதில் ஒரு நாள் பிடித்ததை மறுபடி பார்ப்பதற்கு.

வாசலில் இரண்டு வகை எழுத்து இருக்கும். ஒன்று எச்சரிக்கை: வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும், தரை வழுக்கும், இருட்டு, பெரிய சத்தம். வலிப்பு வருகிறவர்கள் வெட்டும் வெளிச்சத்துக்குள் போகவே கூடாது. எச்சரிக்கையை முழுசாக வாசியுங்கள். மற்றது விளக்கக் குறிப்பு. அதை வாசிக்காமல் உள்ளே போங்கள், வெளியே வந்து வாசியுங்கள், வாசித்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். கலை தெரிந்தவர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் முதலிலேயே குறிப்பைப் படித்தவர் குறிப்பைத்தான் பார்த்துவிட்டு வருகிறார் என்பதை என் மாணவர்களிடத்தில் கண்டிருக்கிறேன்.

நுழைந்ததும் நடுவுக்கு ஓடாதீர்கள். இருட்டறை என்றால் சுவரோரமாக நின்று கண் பழக விடுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் உருவங்கள் பிரியும். கண் முழுசாகப் பழக அரை மணித்தியாலம் வரை போகும். இதற்குள் தொலைபேசியை ஒரு தடவை திறந்தாலும் பழக்கம் கலைந்து, மறுபடி முதலிலிருந்துதான். படம் எடுக்க ஆசை என்றால் கடைசிச் சுற்றில், அனுமதி கேட்டு எடுங்கள்.

பிறகு மெதுவாக நடங்கள். சத்தம் உள்ள அறையில் ஒவ்வொரு மூலையிலும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். ஓடும் காணொளி என்றால் மொத்தம் எத்தனை நிமிடம் என்று காவலில் நிற்பவரைக் கேட்டு, ஒரு முழுச் சுற்று இருங்கள். திறக்கச் சொன்னால் திறவுங்கள். 2016 பதிப்பில் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் நூலக அட்டைப் பேழை ஒன்றை வைத்திருந்தார். இழுப்பறைகளை இழுத்தால்தான் போர்க்காலத்து மக்களின் கதைகள் கைக்கு வரும். தொடலாமா கூடாதா என்று தெரியாவிட்டால் கேளுங்கள். அங்கே விளக்கம் சொல்ல இளம் பிள்ளைகள் இருப்பார்கள், ஆர்ட் மீடியேட்டர் என்பார்கள். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கூச்சமில்லாமல் விசாரியுங்கள்.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

சூரிட்டாவின் கிட்டங்கியில் தண்ணீர் கெண்டைக்கால் அளவு. சுவர்களில் கேள்விகளாகச் சில வரிகள் தொங்கின. அடிக்கு அடி நீர் காலை இழுக்கும், வேகமாக நடக்க முடியாது. அந்தக் கோடிச் சுவரில்தான் எல்லாவற்றுக்கும் காரணம் எழுதியிருக்கிறது. சிரியாவிலிருந்து தப்பிய ஒரு குடும்பத்தின் படகு 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையருகே கவிழ்ந்தது. கரையில் கிடந்த சின்னவன் ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு இறந்த ஐந்து வயது அண்ணன் காலிப் குர்திக்கு அப்படி ஒரு படம் இல்லை. சூரிட்டா இந்தக் கடலை அவனுக்குத்தான் வைத்தார். சிலியில் நடந்த 1973 இராணுவப் புரட்சியின்போது கைதாகி, கப்பலின் அடித்தட்டில் அடைபட்டுக் கிடந்த மனிதர் அவர்.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அம்மா தண்ணீரில் நின்றபடியே கேட்டார். அவருடைய அக்கா எழுபதுகளில் ஒப்பந்தத்தில் போனவர். ஹட்டன் ஸ்டேஷனில் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுததால் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். தலைமன்னார் போய், கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் போனதாக ஒரு கடிதம். பிறகு ஒன்றும் இல்லை. பயணம் தொடங்கியதிலிருந்தே அம்மா கொச்சியைக் கோச்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை திருத்தி, பிறகு விட்டுவிட்டேன்.

“அக்காவோட போட்டோவும் ஒன்னும் இல்லையே நம்மகிட்ட” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி, வந்த வழியே, அதே நிதானத்தில் நடந்தார்.

இரண்டாவது சுற்று போகவேண்டும் என்று கேட்டவரும் அவர்தான்.

வயதானவர்கள், பிள்ளைகள், மனக்காயம் உள்ளவர்கள்

வயதானவர்களுக்கு மடிப்பு நாற்காலி கேட்டால் பல இடங்களில் தருவார்கள். கிட்டங்கிகளில் படியும் மேடுபள்ளமும் உண்டு, பிடியுள்ள செருப்பு போடுங்கள். மாற்றுச் சேலை ஒன்றும் துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளை நீங்கள் கூட்டிப் போகவேண்டாம், அவர்கள் உங்களைக் கூட்டிப் போவார்கள். இருட்டறைகளில் மட்டும் கையை விடாதீர்கள்.

ஒன்றை மனதாரச் சொல்லவேண்டும். நம்மில் மண்சரிவில் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள், 2014 மீரியபெத்தையிலும் அதற்குப் பிறகும். 2023இல் இரண்டாம் தடவை போனபோது எங்களோடு வந்த ஒரு அக்கா, தாழ்ந்த உறுமல் சத்தம் உள்ள ஒரு இருட்டறைக்குள் நுழைந்ததும் நடுங்கிப்போனார். நான் முன்கூட்டி உள்ளே பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை. அப்படிப்பட்டவரோடு போனால், ஒருவர் முதலில் போய் வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். வெளியே வரும் வழியைக் காட்டிக் கொடுங்கள். பாதியில் வெளியே வந்தால் ஏன் என்று கேட்காமல், கடலோரம் உட்கார்த்தி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

வந்த பிறகு

திரும்பும் படகிலேயே ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எந்த இடத்தில், உடம்பில் எங்கே, என்ன தெரிந்தது. படைப்பின் பெயரும் கலைஞரின் பெயரும் வரைபடத்திலேயே இருக்கின்றன. இது மட்டும் மறந்துபோகும், அதனால் அன்றே ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள்.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காலிப்பைப் பற்றியும் கவிஞரைப் பற்றியும் நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையால் தடுத்தார். “நம்ம ஸ்டோர் மாடி நீளம் இருக்கும். முழுக்கக் கடலு. நடுவுல போய் நின்னேன்.”

ஒருத்தி கேட்டாள், “குளுரா இருந்துச்சா அக்கா?”

“இல்லடி. வெதுவெதுன்னு.”